மெக்கானிக் ஊட்டு மேமாடி

அப்புனு, உன்னாட்ட ஒரு தர்மப்பிரபுவை இந்தக் கோபிச் சுத்துவட்டாரத்துலயே நான் பாத்ததில்லை. சந்தைக்கடை முக்குல பட்டறை போட்டிருக்கற மெக்கானிக்கு, கீழ் ஊட்டைப் பேங்குக் கடன்ல கட்டுனான். மேமாடியை உன்ற களை மிஷினை நம்பிக் கட்டிட்டு இருக்கறான். போன வெள்ளாமைக்குப் பிஸ்டன் ரிங்கு மாத்துனே. இந்த வெள்ளாமைக்குக் கனெக்டிங் ராடு போச்சு. அடுத்த வெள்ளாமைக்குக் கிராங்கையும் முறிச்சுக் குடுத்தீன்னா, கிரகப்பிரவேசப் பத்திரிகையில தாய்மாமன் பேருக்கு மேல உன்ற பேரைப் போட்டுத்தான் அச்சடிப்பான்.

நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லலை சாமி. பட்டறைக்காரனுக்கும் புள்ளைகுட்டி இருக்குது. ஆனா "இப்ப வர்ற மிஷினெல்லாம் வெறுந் தகரம்"னு டீக்கடையில குக்கிப் பழமை பேசறே பாரு, அதைக் கேட்டாத்தான் சிரிப்பு வருது. மிஷினுக்கு வாயில்லைங்கற தைரியத்துல பேசறே. அதுக்கு வாயிருந்து பஞ்சாயத்துக்கு வந்துச்சுன்னா, நீ துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நிக்கோணும்.

அப்பிடி அது உங்கிட்ட என்ன சீரு கேட்டுப்போட்டுது? 163 சிசி, ஒத்தை சிலிண்டரு, நாலு ஸ்ட்ரோக்குப் பெட்ரோல் எஞ்சினு. ரேடியேட்டரு கெடையாது, தண்ணி ஊத்தற வேலை கெடையாது. பேட்டரி கெடையாது. ஆயில் பம்பு கெடையாது, ஆயில் பில்டரு கூடக் கெடையாது. இத்தனை இல்லாமையோட பொழைக்கற சீவன் கேக்கறது 600 மில்லி ஆயிலு, ஒரு கந்தத்துணி, ஒரு பிளக் ஸ்பானரு, அப்பறம் நீ செல்போனைக் கீழ வெக்கற கால்மணி நேரம். கடைசியாச் சொன்னதுதான் உனக்குக் கட்டுபடி ஆகறதில்லை.

பக்தி இல்லாதவன்னு உன்னைச் சொன்னா என்ற நாக்கு அழுகிப்போயிரும். ஆயுத பூஜை அன்னைக்குப் பாக்கோணுமே! டேங்குக்கு மூணு பட்டை விபூதி, சைலன்சருக்குச் சந்தனம், சிலிண்டரு ரெக்கை இடுக்கெல்லாம் குங்குமம், ஏர் பில்டரு மூடியைச் சுத்திக் கதம்பமாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அத்தனை எடத்துக்கும் பொட்டு வெச்ச கை, ஆயில் மூடியை மட்டும் தொறக்கலை. உள்ளார கெடந்த ஆயிலு அதுக்கு முந்துன ஆயுத பூஜைக்கு ஊத்துனது. சரஸ்வதி சாமி பாவம், உன்ற மிஷினைப் பாத்துப்போட்டு எந்தப் பக்கம் திரும்பிக்கிச்சோ.

ஆயிலுக் கணக்கை ஒருக்காக் காது குடுத்துக் கேளு. இந்த எஞ்சினுல ஆயிலை மேல ஏத்த ஆளில்லை. கனெக்டிங் ராடோட அடியில இத்துனூண்டு துடுப்பு ஒண்ணு இருக்குது. கிராங்கு சுத்தறப்ப அது தொட்டியில இருக்கற ஆயில்ல முங்கி முங்கி வாரி அடிக்கும். அந்தச் சாரல்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரற மொத்தச் சொத்து. ஆயிலு எறங்கிப்போச்சுன்னா துடுப்பு வெறுங் காத்தை வாரி அடிக்கும். வரப்பு மேட்டுல 20 டிகிரிக்கு மேல சாச்சு வெச்சு ஓட்டுனாலும் அதே கதைதான், ஆயிலு ஒரு பக்கம் ஒதுங்கிரும், துடுப்பு இன்னொரு பக்கம் தேடிட்டு இருக்கும்.

முழு வேகத்துல நிமிசத்துக்கு 3600 சுத்து. மணிக்கு 2,16,000 சுத்து. 100 மணி நேரம் ஓட்டி முடிக்கறதுக்குள்ள 2 கோடியே 16 லட்சம் சுத்து. அத்தனை சுத்துக்கும் சேத்து அது கேக்கறது அந்த 600 மில்லிதான். உனக்கு ஒரு நோம்பிக்கு எத்தனை மில்லின்னு நான் கேக்கலை. அதை உன்ற பொண்டாட்டி கேப்பா.

மிஷினைச் செஞ்சவன் உன்னாட்ட ஆளுங்களை முன்னமே பாத்திருக்கறான் போல. ஆயிலு கொறைஞ்சா எஞ்சினைத் தானா நிறுத்தற சுவிச்சு ஒண்ணை உள்ளாரவே வெச்சு அனுப்பியிருந்தான். அது தன்ற வேலையை ஒழுங்காப் பாத்து நிறுத்துச்சு. நீ என்ன பண்ணுனே? "சும்மாச் சும்மா நிக்குது, ஒயர்ல கோளாறு"ன்னு அந்த ஒயரைக் கழட்டி உட்டுட்டே. அப்பறம் எஞ்சினு நிக்கவே இல்லை, அது நெசந்தான். ராடு முறிஞ்சு கேசிங்கைப் பொத்துக்கிட்டு வெளிய எட்டிப் பாத்தப்பறந்தான் நின்னுச்சு. சொன்ன பேச்சைக் கேக்காத ஒயரைக் கழட்டி உடறது உன்ற பழக்கம். ஊட்டுலயும் அப்பிடித்தான்னு உங்கம்மா சொல்றா.

இன்னொரு கூத்து இருக்குது. "பெரியப்பா, ஆயிலு கொறையவே இல்லை, ஏறித்தான் இருக்குது"ன்னு பல்லெல்லாம் தெரிய ஓடியாந்தியே! ஆயிலு குட்டி போடாது கண்ணு. குச்சியை மோந்து பாத்தாப் பெட்ரோல் வாசம். பெட்ரோல் டேப்பை மூடாம மிஷினை டெம்போவுல ஏத்திக் குலுக்கிக்கிட்டே வந்திருக்கறே. கார்புரேட்டரு நெறைஞ்சு, சிலிண்டருக்குள்ள எறங்கி, ரிங்கு வழியா ஆயில் தொட்டிக்கே போயிருச்சு. அப்பிடி நீத்துப்போன ஆயிலுக்கு வழவழப்பு இல்லை. இருக்குதுன்னு நம்பி ஓட்டுனா, இல்லாம ஓட்டுனதுக்கு என்ன பலனோ அதே பலன். மொத்தத்தையும் வடிச்சுப்போட்டுப் புதுசு ஊத்தறது ஒண்ணுதான் வழி.

செரி, முறையைச் சொல்றேன். ஓட்டப் போற ஒவ்வொரு நாளும் மிஷினைச் சமதளத்துல நிறுத்தி, குச்சி மூடியைக் கழட்டித் தொடச்சு, திருகாம அப்பிடியே உள்ளாரச் சொருகி எடுத்துப் பாரு. ஊத்தற வாயோட விளிம்பு வரைக்கும் ஆயிலு இருக்கோணும். புது எஞ்சின்னா மொத 20 மணி நேரத்துலயே ஆயிலை மாத்திரு. புது ரிங்கும் புது சிலிண்டரும் ஒண்ணையொண்ணு தேச்சுப் பழகறப்ப உதுருற இரும்புத்தூளு அதுலதான் மெதக்கும். பில்டரு இல்லாத எஞ்சின்ல அதை வெளியேத்த வடிக்கறதை உட்டா வேற வழியில்லை. அதுக்கப்பறம் 100 மணி நேரத்துக்கு ஒருக்கா, இல்லீன்னா 6 மாசத்துக்கு ஒருக்கா, எது முந்துதோ அது. நாலு ஸ்ட்ரோக்குக்கான 10டபிள்யூ-30 ஆயிலு போதும். எஞ்சினைச் சித்த நேரம் ஓட உட்டு, சூடு இருக்கறப்பவே வடி. அப்பத்தான் அழுக்கும் ஒட்டுக்கா வரும். வடிச்சதைத் தடப்பள்ளி வாய்க்கால்ல கவுத்துப்போடாதே. அந்தத் தண்ணியிலதான் கடைமடைக்காரன் நெல்லு வெளையுது. ஒரு டப்பாவுல புடிச்சு வெச்சு, பழைய ஆயிலு வாங்கறவங்கிட்டக் குடு.

அடுத்தது ஏர் பில்டரு. மஞ்சக்காட்டுல களை ஓட்டறப்ப நீ மூக்குக்குத் துண்டு கட்டிக்கறே. நல்ல பழக்கம். உடம்பு முக்கியம் பாரு. ஆனா "பில்டரு இருந்தா பிக்கப்பு இல்லை"ன்னு மிஷினோட பில்டரைக் கழட்டிக் கட்டுத்தரைச் செவுத்துல மாட்டிப்போட்டே. முழு வேகத்துல அந்த எஞ்சினு நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 200 லிட்டரு காத்தை இழுக்குது. நீ கெளப்பி உடற புழுதி அத்தனையும் அதோட சேந்து உள்ள போகும். மண்ணுல இருக்கற பொடி மணலு ஆயிலோட கலந்தா, ரிங்கையும் சிலிண்டரையும் ராப்பகலா அராவி எடுத்துரும். செவுத்துல மாட்டுன பில்டரு மட்டும் இன்னும் பத்து வருசத்துக்குப் புதுசாட்ட இருக்கும், கவலைப்படாதே.

பில்டரு அடைச்சா கழட்டி வீசறதில்லை, கழுவறது. பஞ்சு பில்டரைச் சோப்புத் தண்ணியில பெசஞ்சு அலசி, நல்லாக் காய வெச்சு, நல்ல எஞ்சின் ஆயில்ல நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு மாட்டு. பணியாரக் கல்லுக்கு எண்ணெய் தொடற அளவுக்கு ஈரம் இருந்தாப் போதும். சொட்டச் சொட்ட மாட்டுனா எஞ்சினு பொகையாக் கக்கும். உள்ளார பேப்பர் பில்டரும் இருந்தா அதுக்குத் தண்ணியும் ஆகாது, ஆயிலும் ஆகாது, பிரஷ்ஷும் ஆகாது. பலகையில மெதுவாத் தட்டு. கம்ப்ரசர் காத்து அடிக்கறதுன்னா உள்ளாரயிருந்து வெளிய பாத்து, 30 பவுண்டுக்கு மேல போகாம அடி. புஸ்தகத்துல 50 மணி நேரத்துக்கு ஒருக்கா, இல்லீன்னா 3 மாசத்துக்கு ஒருக்கான்னு போட்டிருக்கும். அது புழுதியில்லாத ஊருக்கு. சித்திரை வெயில்ல காஞ்ச காட்டுல ஓட்டறவன் தெனமும் மூடியைத் தொறந்து பாக்கோணும்.

காத்துல குளுறற எஞ்சின்னு சொன்னதும், வேப்ப மரத்து நெழல்ல நிறுத்துனாத் தானா ஆறீரும்னு நெனைச்சுக்கிட்டே. குடிக்கற பெட்ரோல்ல கால்பங்குக்குக் கொஞ்சம் முன்னப்பின்னதான் கலப்பையைச் சுத்தும். மிச்சமெல்லாம் சூடாத்தான் வெளிய போயாகோணும். ஸ்டார்ட்டரு கயிறு இருக்கற மூடிக்குப் பின்னால பிளைவீல் இருக்குதே, அதுல இருக்கற எலைகதான் விசிறி. அது இழுக்கற காத்தைச் சுத்தியிருக்கற தகர மூடி தப்ப உடாம வளைச்சுச் சிலிண்டரு ரெக்கைக்குள்ள தள்ளி உடும். நீ என்ன பண்ணுனே? "காத்தாட இருக்கட்டும்"னு தகர மூடியையே கழட்டிப்போட்டே! விசிறி இழுத்த காத்து ஊரெல்லாம் போச்சு, சிலிண்டருக்கு மட்டும் போகலை. உன்ற நல்ல மனசுக்கு எஞ்சினு வெந்துபோச்சு.

மூடி இருக்கறவங்களும் ரொம்பப் பீத்திக்க வேண்டாம். கயிறு மூடி சல்லடையில வாழைச்சருகும் செத்தையும் அப்பிக்கிட்டா விசிறிக்கு மூச்சு முட்டும். மூணு மாசம் சும்மா நிறுத்துன மிஷின்ல எலி தகர மூடிக்குள்ள தென்னந்தும்பு, சாக்குத்துணியெல்லாம் கொண்டாந்து கூடு கட்டிக் குடித்தனம் பண்ணும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. வருசத்துக்கு ஒருக்காவாவது மூடியைக் கழட்டி, ரெக்கை இடுக்கைப் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிப்போட்டு, மறுபடியும் மூடியை மாட்டு. மாட்டோணும்னு தனியாச் சொல்றது உனக்காகத்தான். சூட்டோட தண்ணியைப் பீச்சி அடிக்காதே. சூடான சிலிண்டரு மேல பச்சைத்தண்ணி பட்டா விரிசல் உடும், பில்டருக்கும் சைலன்சருக்கும் தண்ணி போகும்.

மிஷினு கெளம்பலைன்னா நீ மொதல்ல பாக்கறது ராகுகாலம். ரெண்டாவது, உன்ற மாமியா அன்னைக்கு வந்தாளாங்கறது. பிளக்கைக் கழட்டிப் பாரு கண்ணு, அது உள்ள நடந்ததையெல்லாம் சொல்லீரும். நுனி லேசான காப்பிப்பொடி நெறத்துல இருந்தா எல்லாம் நல்லாருக்குது. வறண்ட கரி அப்பியிருந்தா பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. சோக்கை மூடியே ஓட்டியிருப்பே, இல்லீன்னா பில்டரு அடைச்சிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோட கறுத்திருந்தா ஆயிலு மேல ஏறுது, ரிங்கைப் பாக்கோணும். வெள்ளைவெளேர்னு இருந்தா எஞ்சினு அளவுக்கு மீறிச் சூடாகுது. 100 மணி நேரத்துக்கு ஒருக்காக் கம்பி பிரஷ் போட்டுத் தொடச்சு, இடைவெளி 0.7லிருந்து 0.8 மில்லிமீட்டரு இருக்குதான்னு பாரு. 300 மணி நேரத்துல புதுசு போட்டுரு. மாட்டறப்ப எஞ்சினு ஆறியிருக்கோணும், மொதல்ல கையிலயே திருகோணும். ஸ்பானரு எடுத்து, புது பிளக்குன்னா அரைச் சுத்து, பழசுன்னாக் கால் சுத்துக்கு மேல வேண்டாம். சிலிண்டரு மண்டை அலுமினியம். உன்ற வீரத்தையெல்லாம் அதுல காட்டுனா மரை அறுந்து கையோட வரும்.

பெட்ரோல் வெசயத்துல உனக்கு உன்ற தாத்தன் நெனப்பு. அந்தக் காலத்துல வில்லியர்ஸ் எஞ்சினு பெட்ரோல்ல கெளம்பிச் சீமெண்ணெயில ஓடும், நெசந்தான். அது அதுக்குன்னே செஞ்ச எஞ்சினு. தாத்தன் சீமெண்ணெய் ஊத்துனாருன்னு நீயும் இதுல கலக்கறே. தாத்தன் காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சாரு, அதை மட்டும் ஏன் அப்பிடியே செய்ய மாட்டேங்கறே?

இப்பப் பங்க்ல ஊத்தற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனாலு. எத்தனாலு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். ரொம்ப நாள் நின்னுச்சுன்னா தண்ணி பிரிஞ்சு அடியில எறங்கிக் கார்புரேட்டரு கிண்ணத்துல துரு புடிக்கும். பெட்ரோலும் காஞ்சு பிசினாகி ஜெட்டு ஓட்டையை அடைச்சுரும். அதனால களை ஓட்டி முடிச்சு ஒரு மாசத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா, டேங்கைக் காலி பண்ணு. கார்புரேட்டரு அடியில இருக்கற திருகைத் தளத்தி மிச்சத்தையும் வடி. தெனமும் வேலை முடிஞ்சா டேப்பை மூடு. டேப்புக்கு அடியில இருக்கற சின்னக் குப்பியை 100 மணி நேரத்துக்கு ஒருக்காக் கழட்டிக் கழுவு. பழைய எஞ்சினு பலதுக்கு 10 சதவீத எத்தனாலு வரைக்குந்தான்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கும். அந்த மாதிரி எஞ்சின்ல ரப்பர்க் குழாயை அடிக்கடி தடவிப் பாரு, வீங்கியோ வெடிச்சோ இருந்தா மாத்து.

உன்ற மச்சினன் தோள்ல மாட்டற புல்லு வெட்டற மிஷினு வாங்கியிருக்கறான். அது ரெண்டு ஸ்ட்ரோக்கு. அதுக்கு ஆயில் தொட்டியே கெடையாது, பெட்ரோல்லயே 2டி ஆயிலைக் கலந்து ஊத்தோணும். 50க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி. ரெண்டு கேனுலயும் பெரிசா எழுதி வெய்யி. நீங்க ரெண்டு பேரும் கேனை மாத்தி எடுத்தீங்கன்னா ஒரே நாள்ல அவன் மிஷினு இறுகிப்போகும், உன்ற மிஷினு பொகையாக் கக்கும். மெக்கானிக்கு மாடிக்கு மேல ஒரு மொட்டை மாடியும் கட்டீருவான்.

மூணு வெசயத்துல நான் லொள்ளு பேசறதில்லை. கலப்பையில கொடி சுத்திக்கிச்சுன்னா, பிளக்கு மூடியைப் புடுங்கிப்போட்டுத்தான் கையை வெக்கோணும். எஞ்சினு ஆறாமப் பெட்ரோல் ஊத்தக்கூடாது. சைலன்சருல ஒரு சொட்டு உழுந்தாப் போதும். அப்பறம், மழைன்னோ திருட்டுப் பயம்னோ பெட்ரோல் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ மூடுன ரூமுக்குள்ள ஓட்டக்கூடாது. அந்தப் பொகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கம் வர்றாப்பல இருக்கும், அப்பிடியே போயிருவே. மிஷினு போனா மெக்கானிக்கு இருக்கறான். இதுக்கு யாரும் இல்லை.

"இந்த மணிக்கணக்கையெல்லாம் யாரு எழுதி வெப்பா?"ங்கறே. பால் கணக்கு எழுதற காலண்டரு உங்க ஊட்டுச் செவுத்துல தொங்குது. ஓட்டுன மணியை அதே கட்டத்துல ஒரு ஓரமாக் குறிச்சு வெய்யி. தெனம் அஞ்சு மணி நேரம் ஓட்டுனா இருபது நாள்ல 100 மணி ஆயிரும். நீ நெனைக்கறதை விட வெசையா வரும்.

மெக்கானிக்கை அடியோட மறந்துறவும் வேண்டாம். 300 மணி நேரத்துக்கு ஒருக்கா டேப்பெட் இடைவெளி பாக்கறது அவன் வேலை. எஞ்சினு குளுந்து இருக்கறப்ப, புஸ்தகத்துல போட்டிருக்கற அளவுக்கு வெச்சுக் குடுப்பான். கவர்னரு ஸ்பிரிங்கை நீயா இழுத்துக் கட்டி வேகத்தை ஏத்தற வேலையெல்லாம் வெச்சுக்காதே. ராடு எத்தனை சுத்துக்குத் தாங்கும்னு கணக்குப் போட்டுத்தான் அதை அங்க மாட்டியிருக்கறான்.

மத்ததெல்லாம் உன்ற வேலை. ஒரு லிட்டரு ஆயில் டப்பா, நீ ஞாயித்துக்கெழமை வாங்கற பிரியாணிக் காசுக்குள்ள வரும். அதை ஊத்தாம மிச்சம் புடிச்சவன் ராடும் கிராங்கும் வாங்கிக் குடுத்துக் கடன்காரனான கதை இந்த ஊர்ல நெறையா இருக்குது. நாளைக்குக் காத்தால காட்டுக்குப் போறதுக்கு முன்னால ஆயில் மூடியைத் தொறந்து பாரு. கொறைஞ்சிருந்தா ஊத்து, கறுத்திருந்தா மாத்து, கழட்டுன ஒயரைத் திருப்பி மாட்டு.